தாடி முளைத்த புனல்

நூர்தீன் தேநீரைப் பாதி குடித்த பிறகுதான், காணாமல் போன பொருள் விஷம் என்று துரை சொன்னார்.

இதைக் கோப்பை கைக்கு வருமுன் சொல்லியிருக்கலாம். ஆனால் கிளென்லோர்ன் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் துரை என்று கூப்பிடும் மேனேஜர் அமிர்தலிங்கம், அடுத்தவன் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் இல்லை. வாயில் இருந்த மடக்கை விழுங்குவதா துப்புவதா என்று நூர்தீன் ஒரு கணம் தவித்தான். காலடியில் இருந்த கம்பளம் விலை உயர்ந்ததாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் விழுங்கி வைத்தான்.

"எவ்ளோ விஷம்?" என்று கேட்டார் திலகம்.

"கால் கிலோ போத்தல். மெர்குரிக் குளோரைடு. பாதரச உப்புன்னு வெச்சுக்குங்க மேடம். பாக்க சீனி மாதிரி வெள்ளையா இருக்கும்."

நூர்தீன் தன் கோப்பையின் அடியில் கரையாமல் கிடந்த சீனியைப் பார்த்தான். பிறகு திலகத்தைப் பார்த்தான். அவர் தன் கோப்பையைத் தொடவே இல்லை.

திலகம் ஐம்பதைத் தாண்டியவர். ஈப்போவில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், தொழிலாளிகள் கையுறை போட்டிருக்கிறார்களா, புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்த்துக் குறை எழுதிய பாதுகாப்பு அதிகாரி. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பத்துப் பையன் நூர்தீன். அவருக்கு அவன்தான் டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன். அவருடைய ஒரே கட்டளையை அவன் இன்றுவரை மீறியதில்லை: போகிற இடத்தில் எதையும் தொடாதே, கையைப் பைக்குள் வைத்துக்கொள். எதையும் குடிக்காதே என்று அதில் சேர்க்காமல் விட்டது அவர் தப்பு.

"அதை வெச்சு என்ன செய்றீங்க?"

"கன்னு வளக்குற லேப் ஒண்ணு நடத்துறோம். நல்ல செடியோட கொழுந்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, கண்ணாடிப் போத்தல்ல வளப்போம். அதுக்கு முன்ன கிருமி சாகணும்ல? இந்த உப்பைத் தண்ணில கரைச்சு, துண்டுங்கள முக்கி எடுப்போம்." அமிர்தலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அலமாரிப் பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு அங்க வேலை செய்ற விக்னேஸ்வரிகிட்ட. இதுல துப்பறிய என்ன இருக்கு? அவ வாயைத் திறக்க வெச்சா போதும் லா."

"அதுக்கு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? போலீஸ் இருக்கே?"

"இன்னிக்கு மாரியம்மன் கோயில் திருவிழா. ஹெட் ஆபீஸ்லருந்து ஆளுங்க வந்திருக்காங்க. மத்தியானப் பூசையில முதல் மரியாதை எனக்கு. அந்த நேரத்துல போலீஸ் கெரெத்தா சைரன் போட்டுக்கிட்டு உள்ள வந்தா நல்லாவா இருக்கும்? பூசை முடியுறதுக்குள்ள போத்தல் கிடைக்கணும். கிடைக்கலன்னா அவளை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு நான் என் வேலையப் பாப்பேன்."

சன்னலுக்கு வெளியே மூடுபனி நகர்ந்துகொண்டிருந்தது. எங்கோ கீழே உறுமி மேளம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூர்தீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயிற்றில் ஏதோ உருண்டது. காலையில் தின்ற ரொட்டி சானாயாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விக்னேஸ்வரியை உள்ளே அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைகள் இரண்டையும் ஸ்வெட்டர் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள்.

"கைய வெளிய எடு," என்றார் துரை.

எடுத்தாள். விரல்கள் நடுங்கின. ஒரு கையால் இன்னொன்றை அழுத்திப் பிடித்தாள். இரண்டும் சேர்ந்து நடுங்கின.

"பாத்தீங்களா மேடம்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? தப்பு செஞ்சவங்க கைதான் நடுங்கும்."

திலகம் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா?"

விக்னேஸ்வரி நிமிர்ந்தாள். "வருது அக்கா."

"ராத்திரி தூக்கம்?"

"இல்ல. சும்மா சும்மா கோவம் வருது. அப்புறம் அழுகை வருது."

"கை எப்பலருந்து இப்படி இருக்கு?"

"போன தீபாவளிக்குக் கோலம் போட உக்காந்தேன். கோடு நிக்கல."

திலகம் மேனேஜரின் பக்கம் திரும்பினார். "போத்தல் காணாமப் போனது எப்ப துரை?"

"முந்தாநாள்."

"அப்போ திருடுறதுக்குப் பல மாசம் முன்னாடியே இவங்க கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ரொம்ப முன்ஜாக்கிரதையான திருடி," என்றான் நூர்தீன். அமிர்தலிங்கம் சிரிக்கவில்லை. அவன் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் பட்டியல் பெரியது. இன்னொரு ஆள் சேர்ந்ததில் அவனுக்கு வருத்தம் இல்லை.

* * *

ஆய்வுக்கூடம் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். வெளி வராந்தாவில் வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள் வரிசையாக இருந்தன. தோட்டத்தில் அவற்றைத் தோங் என்பார்கள். பக்கத்துக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. மேலே திரிங்காப் பக்கம் மழை பெய்தால், காய்கறித் தோட்டத்து மண் முழுவதும் கீழே இருப்பவர்கள் குழாயில்தான் வந்து சேரும்.

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஓர் அலுமினியப் புனல். நூர்தீன் அதைக் கடந்து இரண்டடி போய், திரும்பி வந்து பார்த்தான். புனலின் வாயிலும் குழலிலும் வெள்ளை வெளேரென்று, பஞ்சு இழை போல, எதுவோ கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. வாப்பாவின் தாடியை ஒரு மாதம் கத்தரிக்காமல் விட்டால் இப்படித்தான் நிற்கும். தொட்டுப் பார்க்கக் கை ஊறியது. கையைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன்..."

"உள்ள வாங்க, உள்ள வாங்க, நேரம் ஆகுது," என்று துரை கதவைப் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார். திலகம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். தாடிச் செய்தி அப்படியே நின்றுபோனது.

உள்ளே சன்னல்கள் மூடியிருந்தன. காற்றை வெளியே தள்ளும் விசிறியில் ஓர் இறக்கை இல்லை. கொடியில், துணி காயப்போடுவது மாதிரி, கிளிப் மாட்டி ரப்பர் கையுறைகள் தொங்கின. ஒன்றின் நுனியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இதைப் போட்டுக்கிட்டா வேலை செய்றாங்க?" என்றார் திலகம்.

"அதெல்லாம் கழுவிக் காயவெச்சுத் திரும்பப் போடலாம் மேடம். இவங்க முக்குறது ரொம்ப நீத்த தண்ணி. ஆயிரத்துல ஒரு பங்குதான் உப்பு. நீங்க எல்லாம் பேரைக் கேட்டுப் பயப்படுறீங்க. குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது."

"குடிச்சுப் பாத்தீங்களா?"

அமிர்தலிங்கம் இதற்குச் சிரித்தார். திலகம் சிரிக்கவில்லை.

"லேப் முழுக்கத் தேடியாச்சு," என்றார் துரை. "அலமாரி, மேசை டிராயர், குப்பைக்கூடை, கூரை இடுக்கு. நேத்து எல்லாச் சாமானையும் வெளிய எடுத்துப் போட வெச்சுத் தேடிட்டோம்."

"எல்லாத்தையும் திறந்து பாத்தீங்களா?"

"ஒண்ணு விடாம."

திலகம் அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். நூர்தீனும் பின்னாலேயே சுற்றினான். மூலையில், ஆள் உயரத்தில், சுவரோடு ஒரு மஞ்சள் பெட்டி மாட்டியிருந்தது. அதைச் சுற்றிலும் சிலந்தி வலை. சுவரில் வலை, ஆணியில் வலை, பெட்டியின் பக்கவாட்டில் வலை. பெட்டியின் மூடி மட்டும் சுத்தமாக இருந்தது.

"இது என்ன துரை?"

"அது... விஷம் கீழ கொட்டுனா எடுக்குற சாமான். கிளவுஸ், மண்ணு, பை. ஆபத்துப் பெட்டி."

"இதைத் திறந்து பாத்தீங்களா?"

"அதை எதுக்கு? லேப் ஆரம்பிச்சதுலருந்து அதைத் தொடவே இல்ல. நமக்கு விபத்தே நடந்ததில்ல மேடம்." அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திலகம் தன் கைப்பையிலிருந்து புதுக் கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினார். பிரிக்காத கையுறைப் பொட்டலங்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி, இரண்டு பைகளில் சுற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குழந்தையைத் தூங்க வைத்தது மாதிரி நின்றது போத்தல். முழுதாக நிறைந்திருந்தது. முத்திரைகூட உடையவில்லை.

"திருடுறவங்க இவ்ளோ பத்திரமா வைக்க மாட்டாங்க," என்றான் நூர்தீன். "தாய்க்குத் தன் பிள்ளையைக்கூட இப்படிச் சுத்தத் தெரியாது லா."

விக்னேஸ்வரி கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் மாட்டிக்கொண்ட பயத்தைவிட, இறக்கி வைத்த களைப்புதான் தெரிந்தது.

"நான் திருடல அக்கா. ஒளிச்சேன். பழைய போத்தல் முடிஞ்சிருச்சு, புதுசு வந்து இறங்குச்சு. நல்ல கிளவுஸ் கேட்டேன், விசிறியச் சரி பண்ணச் சொன்னேன். பாக்கலாம் பாக்கலாம்னாரு. என் கூட வேலை செய்ற துளசி மாசமா இருக்கா. போன வாரம் அவ தேத்தண்ணி எடுத்துட்டு வரும்போது பாத்தேன், கோப்பை தட்டுல அடிச்சுக்கிட்டே வருது. இந்தப் போத்தல் இல்லன்னா வேலை நிக்கும். வேலை நின்னாதான் துரை திரும்பிப் பாப்பாருன்னு நெனச்சேன். போலீஸ்னதும் எனக்கு வாய் வரல."

"கேட்டீங்களா மேடம்? அவ வாயாலயே சொல்லிட்டா!" அமிர்தலிங்கத்தின் குரல் ஏறியது. "கம்பெனிச் சாமானை ஒளிச்சு வெச்சு வேலைய நிறுத்தியிருக்கா. இன்னியோட உனக்கு வேலை இல்ல. லைன் வீட்டையும் காலி பண்ணு." கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கோயிலுக்குப் போறேன். மேடம், ரொம்ப நன்றி. கேஸ் முடிஞ்சது."

வெளியே அவருடைய ஜீப் புறப்படும் சத்தம் கேட்டது.

நூர்தீனுக்கும் கேஸ் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வெற்றி பெற்ற உணர்வு வரவில்லை. ஒரு நல்லவளைக் காட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி, நெஞ்சில் ஏதோ அரித்தது.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்று விக்னேஸ்வரியிடம் மெல்லக் கேட்டான். "காலையில ஆபீஸ்ல எனக்குத் தேத்தண்ணி கொடுத்தாங்களே..."

"அது ஆபீஸ் குழாத் தண்ணி பாய். கொதிக்க வெச்சது. வெறும் மண்ணுதான்."

மண் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் அந்த மலையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

திலகம் மட்டும் அசையவில்லை. கொடியில் தொங்கிய கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்னேஸ்வரி, முக்கி எடுத்த பிறகு அந்தத் தண்ணிய என்ன பண்ணுவீங்க? தொட்டியில ஊத்துறீங்களா?"

"ஐயோ, இல்ல அக்கா. மஞ்சள் தோங்ல சேத்து வைப்போம். கழிவு எடுக்குற கம்பெனிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. அதுக்குக் காசு ஆகுதுன்னு துரை அவங்களை நிறுத்திட்டாரு. மஞ்சள் தோங் நிரம்பிருச்சு. அதனால..." அவள் நிறுத்தினாள். "ஒரு காலித் தண்ணித் தோங்ல ஊத்தி வெச்சேன். குடிக்கிற சாமான்ல விஷத்தை ஊத்தக் கூடாதுன்னு தெரியும் அக்கா. வேற ஒண்ணும் இல்ல. சிவப்பு டேப் ஒட்டி, மேசைக்கு அடியில பின்னால தள்ளி வெச்சேன்."

மூவரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

மேசைக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஈரத் தரையில் ஒரு வட்டத் தடம். அதன் பக்கத்தில், மலைக்குளிரில் பிசின் விட்டுப்போய்ச் சுருண்டு கிடந்தது ஒரு துண்டுச் சிவப்பு டேப்.

"நேத்துத் தேடும்போது எல்லாச் சாமானையும் வெளிய வைக்கச் சொன்னாரு," என்றாள் விக்னேஸ்வரி.

"அப்போ வெளியதான் இருக்கும்," என்றான் நூர்தீன். "வராந்தாவுல வரிசையாத் தோங் இருக்கு, நான் பாத்தேனே. பக்கத்துல ஒரு புனல்கூட இருக்கு. இந்த மலையில புனலுக்கெல்லாம் தாடி முளைக்குது அக்கா, வெள்ளைத் தாடி. அப்பவே சொல்ல வந்தேன்..."

"என்ன முளைக்குது?"

அவன் மறுபடி சொல்வதற்குள் திலகம் வெளியே ஓடியிருந்தார். அவர் ஓடி நூர்தீன் பார்த்ததே இல்லை. வராந்தாவில் புனலுக்கு நேரே நின்று, தொடாமல், முகத்தை மட்டும் அருகில் கொண்டுபோனார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை முறிந்து விழுந்தது.

"அலுமினியத்துல பாதரசம் பட்டா இப்படித்தான் முளைக்கும். நல்லாப் புதுசு. காலையில யாரோ இந்தப் புனல் வழியா அந்தத் தண்ணிய ஊத்தியிருக்காங்க. இது யாரோட புனல்?"

விக்னேஸ்வரி கேன்களை எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாமல், வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

"நாகப்பண்ணனோடது. கோயில் பூசாரி. குழாத் தண்ணி மண்ணா வருதுல்ல, அம்மனுக்கு அதை வைக்கலாமான்னு, திருவிழாவுக்குத் திருவிழா இங்கருந்துதான் சுத்தத் தண்ணி கொண்டு போவாரு. லேப்ல காய்ச்சி வடிச்ச தண்ணி. புனல் வெச்சுக் குடத்தை நிறைச்சுக்கிட்டு, மிச்சத்தைத் தோங்கோட எடுத்துட்டுப் போவாரு. நானே எடுத்துக் கொடுப்பேன். இந்த வாட்டி என்னை உள்ள விடலியே, அவரே எடுத்திருப்பாரு..."

"எதுக்கு அந்தத் தண்ணி?"

"தீர்த்தத்துக்கு அக்கா. மத்தியானம் எல்லாருக்கும் கொடுப்பாங்க. குழந்தைங்களுக்கும்."

கீழே உறுமி மேளம் வேகம் பிடித்திருந்தது.

* * *

போனில் லைன் இல்லை. நூர்தீன் வேனை எடுத்தான். மலைப்பாதையில் அவன் ஓட்டும் வேகத்துக்குத் திலகம் வழக்கமாக ஒரு சொற்பொழிவு நடத்துவார். இன்று "இன்னும்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். பின் இருக்கையில் விக்னேஸ்வரி அந்த மஞ்சள் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தாள். கிளம்பும்போது போத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டியை ஆணியோடு பிடுங்கி எடுத்து வந்திருந்தாள்.

மூன்றாவது வளைவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று பாதையை மறித்து நின்றது. டிரைவர் இறங்கி நின்று டயரைப் பார்த்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

"அபாங், தோலோங் லா! கொஞ்சம் நகத்துங்கண்ணே!"

"டயர் பஞ்சர். பொறு பொறு."

"பொறுக்க முடியாது," என்றார் திலகம், கதவைத் திறந்துகொண்டே.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்கள் இறங்கும் ஒற்றையடிப் பாதையை விக்னேஸ்வரி காட்டினாள். மூவரும் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பது மரியாதைக்காக. நூர்தீன் பாதி தூரம் சறுக்கினான். ஈரக் கிளைகள் முழங்காலில் அடித்தன. மேளச் சத்தம் சட்டென்று நின்றது. தீர்த்தம் கொடுக்கும்போதுதான் மேளத்தை நிறுத்துவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. சறுக்குவதையே ஓட்டமாக ஆக்கிக்கொண்டான்.

கோயில் வாசலில் தோட்டத்துச் சனம் முழுவதும் நின்றது. குழந்தைகள் முன்வரிசையில் கையை ஏந்திக்கொண்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு பரவசம். ஒரு பெண் அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன ஆச்சுக்கா?" என்றான் நூர்தீன், மூச்சு வாங்க.

"அம்மன் கண்ணத் திறந்துட்டா பாய்! காலையில செம்புக் குடமா வெச்சாங்க. இப்பப் பாருங்க, உள்ளாற வெள்ளியா மாறியிருக்கு!"

அவன் எட்டிப் பார்த்தான். பூசாரி நாகப்பன் இடுப்பில் மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் குடத்தைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் கொழுந்து லோரி ஓட்டுகிற மனிதர்; இன்று அவர் கண்கள் கலங்கியிருந்தன. குடத்தின் வெளிப்புறம் செம்பு. உள்ளே, தண்ணீர் பட்ட இடமெல்லாம், புது வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது. நூர்தீனுக்குப் புனலின் தாடி நினைவுக்கு வந்தது.

முதல் ஆளாக நின்றவர் அமிர்தலிங்கம். தோளில் மரியாதைப் பொன்னாடை. பக்கத்தில் ஹெட் ஆபீஸ் ஆட்கள். அவருடைய வலது உள்ளங்கை குழிந்திருந்தது. அதில் தீர்த்தம் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

"அண்ணே, நிறுத்துங்க!" திலகத்தின் குரல் கூட்டத்தைப் பிளந்தது. "யாராச்சும் குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. முதல் தீர்த்தம் துரைக்குத்தான்," என்றார் நாகப்பன். "என்ன மேடம், பூசை நேரத்துல..."

"அந்தத் தண்ணில விஷம் இருக்கு. லேப்ல செடி முக்குன தண்ணி. பாதரசம் செம்புல பட்டா வெள்ளியா மின்னும். நீங்க தப்பு செய்யலண்ணே. தோங் மாறிப் போச்சு."

சனங்களிடம் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, கோபமாக மாறத் தொடங்கியது. யாரோ "சாமி காரியத்துல விளையாடாதீங்க" என்று கத்தினார்கள். கையேந்தி நின்ற குழந்தைகளில் ஒன்றுகூட கையை இறக்கவில்லை.

அமிர்தலிங்கம் ஹெட் ஆபீஸ் ஆட்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "மேடம் பயந்துட்டாங்க. அது நம்ம லேப் தண்ணி. வருசா வருசம் கொடுக்குறதுதான். சுத்தமானது."

"மேசைக்கு அடியில இருந்த தோங் துரை," என்றாள் விக்னேஸ்வரி, பின்னாலிருந்து.

புன்னகை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த முகம் மட்டும் மாறியது. அதை நூர்தீன் பார்த்தான்.

நாகப்பன் குடத்தைக் கீழே வைக்கவில்லை. அவர் திலகத்தையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தார். காலையிலிருந்து அவர் நெஞ்சில் நிறைந்திருந்த அற்புதத்தை ஒரு வெளியூர்ப் பெண் பிடுங்கப் பார்க்கிறாள். அதை விடக்கூடாது என்கிற தவிப்பு அவர் குரலில் இருந்தது.

"துரை, நீங்க சொல்லுங்க. நீங்க சுத்தம்னா சுத்தம்தான். குடிங்க. நீங்க குடிச்சா நாங்க நம்புறோம்."

எல்லாக் கண்களும் அந்த ஒரு கையில் இருந்தன. நூர்தீன் பாயப் போனான். திலகம் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்தார். அவருடைய இன்னொரு கை, துரையின் முழங்கைக்குக் கீழே, தட்டிவிடத் தயாராக நின்றதை அப்போதுதான் கவனித்தான்.

"ஆயிரத்துல ஒரு பங்குதானே துரை," என்றார் திலகம், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அமிர்தலிங்கத்தின் கை உதட்டை நோக்கி ஓர் அங்குலம் உயர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு, விரல் நுனியிலிருந்து ஆரம்பித்து, மணிக்கட்டு வரைக்கும் நடுங்க ஆரம்பித்தது. அவர் விரல்களைத் திறந்தார். தீர்த்தம் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நாகப்பன் குடத்தை மெதுவாக, மிக மெதுவாக, தரையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க நூர்தீனுக்கு மனம் வரவில்லை.

"குடத்துக்குள்ள கைய விட்டீங்களாண்ணே?" என்றார் திலகம்.

"விட்டேன். பளபளப்பு நிசமான்னு தடவிப் பாத்தேன். அப்புறம்... விரலை நாக்குல வெச்சேன் மேடம். சாமி தண்ணின்னு."

"வாயக் கொப்பளிச்சுத் துப்புங்க. கையக் கழுவுங்க. நூர், ஒரு வண்டி பிடி. இவரை உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். என்ன பட்டுச்சுன்னு அங்க சொல்லணும்."

ஹெட் ஆபீஸ் ஆட்களில் ஒருவர் தன் கார்ச் சாவியை நூர்தீனிடம் நீட்டினார். அவர் அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"நகருங்க. யாரும் அந்த ஈரத்தை மிதிக்காதீங்க." விக்னேஸ்வரி மஞ்சள் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். ஆய்வுக்கூடம் திறந்ததிலிருந்து பிரிக்காத கையுறைப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் போய், ஏதோ நினைவு வந்தவளாக நிறுத்தி, விரலால் கிழித்தாள். நடுங்கும் கைகளுக்குள் புதுக் கையுறை நுழையக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மண்ணை எடுத்து ஈரத்தின் மேல் போட்டாள். குடத்தின் வாயையும், பக்கத்தில் இருந்த தோங்கின் வாயையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினாள்.

பிறகு எழுந்து மேனேஜரின் முன்னால் வந்தாள். அவர் இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தார், அது தன்னுடையது இல்லை என்பது மாதிரி.

"ஓடுற தண்ணில, சோப்பு போட்டு, ரொம்ப நேரம் கழுவுங்க துரை."

அவர் நகரவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

நூர்தீனின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நடுங்கும் கையைப் பற்றிக் காலையில் துரை சொன்ன அதே வாக்கியம். சொன்னால் தோட்டமே சிரிக்கும். ஆனால் இது அவன் பேச வேண்டிய இடம் இல்லை. அன்றைக்கு இரண்டாம் முறையாக, வாயில் இருந்ததை விழுங்கினான்.

"கை நடுங்குதே துரை," என்றாள் விக்னேஸ்வரி. குரலில் கேலி இல்லை. "பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதா உங்களுக்கு?"

அமிர்தலிங்கம் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்போ இது எங்களுக்கு வந்த நடுக்கம் இல்ல," என்றாள் அவள்.